95 டிகிரி காட்டுகிறதா? பக்கத்தில் வாட்டையும் பாருங்கள்

கேள்வி: வணக்கம் சார். திண்டுக்கல்லில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். பாகங்களைத் தனித்தனியாக வாங்கி, வீடியோ பார்த்து நானே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தேன். ப்ராசஸர் ரைசன் 5 7600எக்ஸ். கூலர் நான்கு ஹீட் பைப், ஒரு ஃபேன் உள்ள டவர் வகை. முதல் நாளிலிருந்தே சூடு அதிகம். சும்மா இருக்கும்போது 61 டிகிரி. ப்ராசஸருக்கு முழு வேலை கொடுக்கும் சினிபெஞ்ச் சோதனையை ஓட்டினால் இரண்டே நொடியில் 95. விண்டோஸுக்கு முன்னால் வரும் பயாஸ் செட்டிங் திரைக்குள் போனாலும் 60 காட்டுகிறது. சூட்டைக் காட்டும் எச்டபிள்யூ-இன்ஃபோ மென்பொருளில் ஒரு வரி 127 டிகிரி என்றே நிற்கிறது; அதைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்குகிறது. நண்பர்கள் "இந்த ப்ராசஸருக்கு 95 நார்மல், விடு" என்கிறார்கள். கடைக்காரர் "லிக்விட் கூலர் போட்டால்தான் சரியாகும், எட்டாயிரம் ஆகும்" என்கிறார். மதுரையில் இதே ப்ராசஸர் வைத்திருக்கும் நண்பருக்கு 40 நிமிடத்தில் முடியும் எக்ஸ்போர்ட் எனக்கு 46 நிமிடம் எடுக்கிறது. ஸ்கிரீன்ஷாட் இணைத்திருக்கிறேன்; அதை எடுத்தபோது அறைச் சூடு 34 டிகிரி. ப்ராசஸர் வீணாகிவிடுமா? யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: ப்ராசஸர் வீணாகாது. அந்தப் பயத்தை முதலில் விட்டுவிடுங்கள். ஆனால் உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு கோளாறு இருக்கிறது. நண்பர்கள் பொதுவாகச் சொன்னது சரி, உங்கள் விஷயத்தில் அது பொருந்தவில்லை. கடைக்காரர் சொன்ன மருந்து இந்த நோய்க்கு இல்லை. இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், ஸ்கிரீன்ஷாட்டின் மூலையில் நீங்கள் கவனிக்காமல் விட்ட இரண்டு எண்கள்: 70 வாட், 4.6 கிகாஹெர்ட்ஸ்.

முதலில் அந்த 127. பெயரைப் பார்த்தால் 'ஆக்ஸ்டின்' என்று ஆரம்பிக்கும். மதர்போர்டில் இருக்கும் கண்காணிப்பு சிப்புக்கு வெப்பநிலை சென்சார் மாட்டப் பல இடங்கள் உண்டு. போர்டு செய்த நிறுவனம் அத்தனையிலும் சென்சார் மாட்டுவதில்லை. ஒன்றும் மாட்டாத இடத்திலிருந்து வரும் குப்பை எண்தான் அது. ஒரு பைட்டில் எழுதக்கூடிய மிகப்பெரிய நேர்ம எண் 127 என்பதால் அங்கே போய் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. எதைச் செய்தாலும் அசையாத எண் எதையும் அளக்கவில்லை என்று அர்த்தம். அந்த வரியின் மேல் வலது க்ளிக் செய்து மறைத்துவிடுங்கள். நீங்கள் பார்க்க வேண்டியது 'சிபியு (டிசிடிஎல்/டிடை)' என்ற ஒரு வரி போதும். (மிகப் பழைய ரைசன் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு: 2017-இல் வந்த 1700எக்ஸ், 1800எக்ஸ் இரண்டிலும் டிசிடிஎல் என்பது உண்மையான சூட்டைவிட 20 டிகிரி கூட்டியே காட்டும். ஃபேன் ஓட்டத்துக்காக, ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டியே வைத்த கூட்டல் அது. உங்களுடையதில் அந்தச் சிக்கல் இல்லை.)

பயாஸில் 60 காட்டுவதையும் தனியாக எடுத்துக் கவலைப்பட வேண்டாம். விண்டோஸுக்குள் வேலை இல்லாத நேரத்தில் கோர்கள் தூங்கிவிடும். பயாஸ் திரையில் அப்படித் தூங்குவதில்லை, ப்ராசஸர் விழித்தபடியே உட்கார்ந்திருக்கும். நல்ல நிலையில் இருக்கும் கம்ப்யூட்டரே பயாஸில் 50-ஐத் தாண்டிக் காட்டுவது சகஜம்.

சரி, 95-க்கு வருவோம்.

2022 செப்டம்பரில் ரைசன் 7000 வரிசை வந்தபோதே ஏஎம்டி வெளிப்படையாகச் சொல்லிவிட்டது: எல்லாக் கோர்களும் முழு வேலையில் இருக்கும்போது இந்த ப்ராசஸர்கள் 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை, அதனால் ஆயுள் குறையாது. உங்கள் 7600எக்ஸுக்குப் பெட்டியில் எழுதியிருப்பது 105 வாட். மதர்போர்டில் அது உட்காரும் சாக்கெட் வழியாக இழுக்க அனுமதிக்கப்பட்ட உச்சம் 142 வாட். இந்த உச்சம், மின்னோட்ட வரம்பு, 95 டிகிரி, கிகாஹெர்ட்ஸ் வரம்பு ஆகியவற்றில் எது முதலில் வந்து முட்டுகிறதோ அதுவரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவதுதான் அதன் குணம். உள்ளே வேலை செய்யும் கோர்கள் எல்லாம் ஒரே சின்னஞ்சிறு சில்லில் அடங்கியிருக்கின்றன. பரப்பு சுமார் 70 சதுர மில்லிமீட்டர்தான். நூறு வாட் அளவுக்கு வெப்பம் அவ்வளவு சிறிய இடத்திலிருந்து வெளியேற வேண்டும். பழைய ஏஎம்4 சாக்கெட்டுக்கு வந்த கூலர்கள் இதன் ஏஎம்5 சாக்கெட்டிலும் பொருந்த வேண்டும் என்பதற்காக மேலே உள்ள உலோக மூடியையும் தடிமனாக வைத்துவிட்டார்கள். அதனால் நல்ல கூலர் போட்ட 7600எக்ஸ்கூட 90-ஐத் தொடும். உங்கள் நண்பர்கள் சொல்வது இதைத்தான்.

ஆனால் இதில் ஒரு விபரீதம் ஒளிந்திருக்கிறது. கூலர் அருமையாக உட்கார்ந்திருந்தாலும் 95 காட்டலாம், கூலர் பாதிதான் தொட்டுக்கொண்டிருந்தாலும் அதே 95-தான் காட்டும். மிதவை வால்வு போட்ட மாடித் தொட்டி மாதிரி. நீர் மட்டம் எப்போதும் ஒரே இடத்தில்தான் நிற்கும். அதை வைத்துக் குழாயில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று சொல்ல முடியாது. இங்கே குழாயில் போகும் தண்ணீர்தான் வாட். சூடு 95-ஐத் தொட்டதும் ப்ராசஸர் தன் வேகத்தையும் வோல்டேஜையும் இறக்கி, வாட்டைக் குறைத்து, அங்கேயே நின்றுகொள்கிறது. எவ்வளவு வாட்டில் போய் நின்றது என்பதுதான் கூலரின் லட்சணத்தைச் சொல்லும்.

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். ப்ராசஸர் சூட்டிலிருந்து அறைச் சூட்டைக் கழியுங்கள். மீதியை வாட்டால் வகுங்கள். ஒரு வாட்டுக்கு எத்தனை டிகிரி ஏறுகிறது என்று வரும். ஸ்கிரீன்ஷாட் எடுத்தபோது அறை 34 டிகிரி என்று எழுதியிருக்கிறீர்கள் (அதை அளந்து எழுதியதற்கே ஒரு சபாஷ், இதைச் சொல்லாமல் கேள்வி கேட்பவர்கள்தான் அதிகம்). 95-இல் 34 போனால் 61. அதை 70 வாட்டால் வகுத்தால் 0.87. என் சர்வீஸ் மேசைக்கு வந்த இதே வகை ப்ராசஸர்களில், ஒழுங்காக மாட்டிய ஒற்றை டவர் கூலருக்கு இந்த எண் 0.55 பக்கத்தில் இருக்கும். கொஞ்சம் முன்னே பின்னே வரலாம், 0.87 வராது. 0.55 என்று வைத்துக்கொண்டால் உங்கள் அறையில் இதே கூலர் 95 டிகிரிக்குள் சுமார் 110 வாட்டைக் கடத்தியிருக்க வேண்டும். 40 வாட் எங்கேயோ மாட்டிக்கொண்டு நிற்கிறது.

கிகாஹெர்ட்ஸும் அதையே சொல்கிறது. 7600எக்ஸின் அடிப்படை வேகம் 4.7, உச்சம் 5.3. எல்லாக் கோர்களும் ஓடும்போது 5-க்கு மேல் நிற்க வேண்டிய ப்ராசஸர் அடிப்படை வேகத்துக்கும் கீழே 4.6-இல் நிற்கிறது. மதுரை நண்பருக்கும் உங்களுக்கும் எக்ஸ்போர்ட்டில் ஆறு நிமிட வித்தியாசம் வருவது இதனால்தான். 95 நார்மல், 4.6-இல் 95 நார்மல் கிடையாது.

அடுத்தது, கோளாறு எந்த இடத்தில். இதற்கு நீங்கள் எழுதிய "இரண்டே நொடியில்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டேன். சூடு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்த்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். வேலை கொடுத்ததும் செங்குத்தாக ஏறி உச்சியில் போய் முட்டினால் சில்லுக்கும் கூலரின் அடிப்பகுதிக்கும் நடுவில் வெப்பம் தாண்டவில்லை. கூலரின் தாமிரமும் அலுமினியமும் சூடேறவே நேரம் கிடைக்கவில்லை, அதற்குள் சில்லு கொதித்துவிட்டது. மாறாக, முதலில் 80-க்குத் தாவி, பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் மெல்ல மெல்ல 90, 92 என்று ஊர்ந்தால் கூலர் ஒழுங்காகத்தான் இருக்கிறது, கேபினெட்டுக்குள் சூடான காற்று வெளியேறாமல் சுற்றுகிறது என்று பொருள். ரைசனில் ஒற்றைக் கோர் சட்டென்று வேகமெடுக்கும்போது உள்ள சில டிகிரித் தாவல் எப்போதும் இருக்கும். அதையும் இதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. உங்களுடையது முதல் வகை. சும்மா இருக்கும்போதே 61 காட்டுவதும் அதோடு பொருந்துகிறது. ஏஎம்5 ப்ராசஸர்கள் சும்மா இருக்கும்போதும் 25, 30 வாட் இழுக்கும். நல்ல தொடுகை இருந்தால் உங்கள் அறையில் 50-ஐ ஒட்டி நிற்கும். ஃபேன் 1500 சுற்றில் ஓடுகிறது என்று ஸ்கிரீன்ஷாட்டிலேயே தெரிவதால் ஃபேனைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

ஆகவே கூலரைக் கழற்ற வேண்டும். பயப்பட வேண்டாம், உங்களுடையது ஏஎம்5. முந்தைய ஏஎம்4-இல் பின்கள் ப்ராசஸரின் அடியில் இருந்தன. ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் தடவிய பேஸ்ட் காய்ந்து பசைபோலப் பிடித்துக்கொண்டு, கூலரை இழுத்தால் ப்ராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின் வளையும். ஏஎம்5-இல் ப்ராசஸரை ஓர் இரும்புச் சட்டம் அழுத்திப் பிடித்திருக்கிறது, அதனால் அப்படி நடக்காது. அந்தச் சட்டத்தை மட்டும் திறக்காதீர்கள். இப்போது பின்கள் மதர்போர்டில் இருக்கின்றன. ப்ராசஸரை எடுக்காதவரை அவற்றுக்கு ஆபத்து இல்லை.

கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் எக்ஸ்போர்ட் ஓட விடுங்கள், பேஸ்ட் இளகும். பிறகு ஷட் டவுன் செய்து, எஸ்எம்பிஎஸ் பின்னால் உள்ள சுவிட்சை அணைத்து, வயரையும் பிடுங்கிவிடுங்கள். ஃபேன் வயரைக் கழற்றிவிட்டு இரண்டு ஸ்க்ரூவையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். கூலரை நேராக மேலே இழுக்காமல் இடமும் வலமும் லேசாகத் திருகி எடுங்கள்.

எடுத்ததும் துடைத்துவிடாதீர்கள்! எல்லாரும் செய்வது அதுதான். பழைய பேஸ்ட் படிந்திருக்கும் கோலத்தில்தான் மொத்த ஆதாரமும் இருக்கிறது. இரண்டு பக்கத்தையும் மொபைலில் படம் எடுங்கள், அப்புறம் நிதானமாகப் பாருங்கள்.

கூலரின் அடியில் "மாட்டுவதற்கு முன் அகற்றவும்" என்று எழுதிய பிளாஸ்டிக் தாள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் கதை அங்கேயே முடிந்தது. சிரிக்காதீர்கள், சொந்தமாக அசெம்பிள் செய்தவர்களிடம் இது அடிக்கடி நடக்கிறது. தெளிவான தாளாக இருந்தால் கண்ணுக்கே தெரியாது. எண்ணில் பார்த்தால் அதன் கொடுமை புரியும்: வெப்பக் கடத்துத்திறனில் தாமிரம் சுமார் 400, சாதாரணப் பேஸ்ட் 5 முதல் 10, பிளாஸ்டிக் 0.2, 0.3 என்ற அளவில். வெறும் காற்று 0.026. பேஸ்ட்டின் வேலையே உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவில் உள்ள நுண்ணிய பள்ளங்களில் காற்றை விரட்டிவிட்டு உட்காருவதுதான். அதற்கு மேல் அது பெரிய கடத்தி ஒன்றும் கிடையாது, ஆகவே மெல்லியதாக இருக்கும்வரைதான் நல்லது.

தாள் இல்லை என்றால் கோலத்தைப் படியுங்கள். ஒரு பக்கம் உலோகம் தெரியும் அளவுக்கு மெல்லியதாகவும் எதிர்ப் பக்கம் தடிமனாகவும் பேஸ்ட் இருந்தால் கூலர் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரு ஸ்க்ரூவை முழுவதும் முறுக்கிவிட்டு அடுத்ததைத் தொட்டால் இப்படி ஆகும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கேக் மேல் பூசிய கிரீம் போல் தடிமனாக இருந்தால் அழுத்தமே விழவில்லை: ஸ்க்ரூ கடைசிவரை இறங்கவில்லை, அல்லது மாட்டிய ஸ்டாண்ட்-ஆஃப் (கூலரைத் தாங்க போர்டில் மாட்டும் குட்டித் தூண்) தவறானது. கூலர் பெட்டியில் இன்டெல் சாக்கெட்டுகளுக்கு ஒரு செட், ஏஎம்டிக்கு ஒரு செட் என்று ஸ்டாண்ட்-ஆஃப்களைக் கலந்துதான் கொடுப்பார்கள். உயரம் வேறுபடும். மாற்றிப் போட்டாலும் ஸ்க்ரூ இறங்கும், மாட்டியது போலத்தான் தோன்றும், அழுத்தம் மட்டும் இருக்காது. உங்கள் சாக்கெட்டுக்கு எது என்று கையேட்டின் படத்தோடு வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். நான் பந்தயம் கட்டுவதாக இருந்தால் பிளாஸ்டிக் தாள், ஸ்டாண்ட்-ஆஃப் இரண்டில் ஒன்றின் மேல் கட்டுவேன்.

இன்னொன்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள். உங்கள் ரேம் லைட் எரியும் உயரமான வகை என்றால் கூலரின் தகடோ ஃபேனோ அதன் தலையில் முட்டி, கூலரை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கலாம். அப்படி இருந்தால் ஃபேனைக் கொஞ்சம் மேலே ஏற்றி மாட்டுங்கள்.

துடைப்பதற்கு மொபைல் சர்வீஸ் கடைகளில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் நல்லது. மெடிக்கலில் வாங்கும் சர்ஜிகல் ஸ்பிரிட் வேண்டாம், சிலவற்றில் ஆமணக்கு எண்ணெய் கலந்திருப்பார்கள். சானிடைசர் ஜெல்லில் கிளிசரின் இருக்கிறது, அதுவும் வேண்டாம். நூல் பிரியாத துணி அல்லது காபி ஃபில்டர் காகிதம் போதும். மூடியின் ஓரங்களில் வெட்டுப் பள்ளங்களும் அவற்றில் குட்டிக் குட்டிப் பாகங்களும் தெரியும். அங்கே ஒழுகிய பேஸ்ட் சாதாரண வகை என்றால் மின்சாரம் கடத்தாது, குச்சி விட்டு நோண்டாதீர்கள். புதிய பேஸ்ட் நடுவில் ஒரு பட்டாணி அளவு, நான்கு மூலைப் பக்கம் ஒரு பொட்டு. பிராண்டைப் பற்றி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. பெயர் தெரிந்த எந்தப் பேஸ்ட்டும் இன்னொன்றிலிருந்து ஓரிரு டிகிரிதான் மாறும். பற்பசை வைத்துக் காட்டும் வீடியோக்களை ரசித்துவிட்டு மறந்துவிடுங்கள். அது காய்ந்ததும் முடிந்தது.

கூலரை வைத்தவுடன் இரண்டு ஸ்க்ரூவுக்கும் முதல் சில மரைகளைக் கையாலேயே கொடுங்கள். பிறகு ஸ்க்ரூ டிரைவரால் இங்கே இரண்டு சுற்று, அங்கே இரண்டு சுற்று என்று இறக்குங்கள். ஸ்பிரிங் வைத்த ஸ்க்ரூ ஓர் இடத்தில் தானே நின்றுவிடும், அதற்கு மேல் பலம் வேண்டாம். நிற்கும் முன்பே "போதும், போர்டு உடைந்துவிடும்" என்று பயந்து விட்டுவிடுவதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஃபேன் வயரை 'சிபியு_ஃபேன்' என்று எழுதிய இடத்திலேயே மாட்டுங்கள். ஃபேன் கேபினெட்டின் பின்பக்கத்தை நோக்கி ஊத வேண்டும். பிளாஸ்டிக் குறுக்குச் சட்டம் தெரிகிற பக்கம்தான் காற்று வெளியே வரும் பக்கம்.

இனி லிக்விட் கூலர். கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் பழைய கூலரைக் கழற்றுவார், சுத்தமாகத் துடைப்பார், புதிய பேஸ்ட் வைப்பார், புதியதை ஒழுங்காக மாட்டுவார். சூடு இறங்கும், வேகம் கூடும். நீங்களும் "ஆஹா, எட்டாயிரத்துக்கு மதிப்பு இருக்கிறது" என்று நினைப்பீர்கள். இறங்கியதில் பெரும்பங்கு துடைத்து மாட்டியதற்குச் சேர வேண்டியது. 7600எக்ஸில் வெப்பத்துக்கு இருக்கும் தடையின் பெரும்பகுதி அந்தச் சின்னச் சில்லிலும் தடிமனான மூடியிலும் இருக்கிறது. வெளியே எவ்வளவு பெரிய ரேடியேட்டர் வைத்தாலும் அந்தப் பகுதி குறையாது. 360 மில்லிமீட்டர் லிக்விட் போட்டால் 0.55 என்பது 0.45 பக்கம் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு வேலையில் சுமார் பத்து டிகிரி குறையும், எக்ஸ்போர்ட்டில் கடிகாரத்தைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அதே சமயம் பம்ப் என்று பழுதாகக்கூடிய ஒரு பாகம் கூடுகிறது. அந்த எட்டாயிரத்தை இன்னொரு எஸ்எஸ்டியில் போட்டால் கல்யாண ஃபுட்டேஜுக்கு ஒரு பிரதி எடுத்து வைக்கலாம்.

அறைச் சூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். யூடியூபில் பார்க்கும் சோதனைகள் பெரும்பாலும் 21 முதல் 25 டிகிரி அறையில் எடுத்தவை. கூலர் எதுவும் அறையைவிடக் குளிர்ச்சியாக்காது, அறைக்கு மேல் எத்தனை டிகிரி என்பதைத்தான் அது தீர்மானிக்கிறது. அங்கே 24 டிகிரி அறையில் 115 வாட்டுக்கு 87 காட்டும் கூலர், மே மாத மதியம் 36 டிகிரி இருக்கும் எடிட்டிங் அறையில் 95-ஐ முட்டி, கொஞ்சம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அது கோளாறு இல்லை, வெயில். வீடியோவில் 82 காட்டியது நமக்கு ஏன் காட்டவில்லை என்று பேஸ்ட்டை மாற்றிக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

கேபினெட்டை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நம் ஊர் கம்ப்யூட்டர் டேபிள்களில் கீழே 'சிபியு வைக்க' என்று மூன்று பக்கம் அடைத்த ஒரு பலகைப் பெட்டி இருக்குமே, அதில் என்றால் உடனே வெளியே எடுங்கள். பின்பக்கம் சுவரோடு ஒட்டியிருக்கும். ஃபேன் வெளியே தள்ளிய சூடான காற்றே முன்பக்கமாகச் சுற்றி மறுபடி உள்ளே போகும். 30 வாட் இழுத்த பழைய அலுவலகக் கம்ப்யூட்டர்களுக்கு அந்தப் பெட்டி தாங்கும், உங்களுடையதற்குத் தாங்காது. சோதிப்பது சுலபம்: கூலரைச் சரிசெய்தபின் கால் மணி நேரம் எக்ஸ்போர்ட் ஓட்டி வாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பக்கத்துக் கதவைக் கழற்றிவிட்டு அதே வேலையை ஓட்டுங்கள். 95-இலேயே நின்றுகொண்டு வாட் பத்துக்கு மேல் கூடினாலோ, வாட் மாறாமல் சூடு ஐந்து டிகிரிக்கு மேல் இறங்கினாலோ கேபினெட்டில் காற்றோட்டம் போதவில்லை. முன்னால் ஒரு ஃபேன் உள்ளிழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. இரண்டு போதும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட அழகான கேபினெட் என்றால் எத்தனை ஃபேன் வைத்தாலும் காற்று நுழைய வழி குறைவு. கதவைத் திறந்தே வைத்து வேலை செய்யலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். செய்யலாம், தூசி சீக்கிரம் அடையும், பல்லி ஒன்று ஃபேனுக்குள் போகும்.

எல்லாம் சரியான பிறகும் 95-ஐப் பார்க்கவே பிடிக்கவில்லை, ஃபேன் சத்தம் தாங்கவில்லை என்றால் பணம் செலவழிக்காமல் ஒரு வழி உண்டு. பயாஸில் மின்சாரத்தைச் சிக்கனமாக்கும் 'ஈகோ மோட்' (Eco Mode) என்று இருக்கும், அதில் 65 வாட்டைத் தேர்ந்தெடுங்கள். பெயர் 65 என்றாலும் உண்மையில் அனுமதிக்கும் உச்சம் 88 வாட். நம் கணக்குப்படி 34 டிகிரி அறையில் 82, 83 வரும். வேகத்தில் இழப்பது சில சதவீதம்தான், ஏனென்றால் கடைசி சில நூறு மெகாஹெர்ட்ஸுக்காக இந்த ப்ராசஸர் தேவைக்கு மேல் மின்சாரத்தை வாரி இறைக்கிறது. நானாக இருந்தால் ஏசி இல்லாத அறைக்கு ஏப்ரல், மே மாதங்களில் இதைப் போட்டுவிடுவேன். வோல்டேஜைக் குறைக்கும் 'கர்வ் ஆப்டிமைசர்' விளையாட்டு வேண்டாம். ஆதாயம் இருக்கிறது, ஆனால் அரை டிகிரி அதிகமாக ஆசைப்பட்டால் எக்ஸ்போர்ட் தொண்ணூறு சதவீதத்தில் நின்றுபோகும், வாடிக்கையாளர் போன் மேல் போன் போடுவார்.

பயாஸைப் புதுப்பிப்பதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். 2023-இல் சில ரைசன் 7000 ப்ராசஸர்கள் கருகிய செய்தி வந்தது நினைவிருக்கலாம். உங்கள் பயத்துக்குப் பின்னால் அதுவும் இருக்கலாம். அங்கே குற்றவாளி 95 டிகிரி இல்லை, சில போர்டுகள் ப்ராசஸருக்குள் மெமரி கன்ட்ரோலர் இருக்கும் 'சோக்' (SoC) பகுதிக்குக் கொடுத்த அளவுக்கு மீறிய வோல்டேஜ். அதன்பின் வந்த பயாஸ்களில் அந்த வோல்டேஜை 1.3-க்கு மேல் போகவிடாமல் ஏஎம்டி கட்டிவிட்டது.

இதைப் படிக்கும் இன்டெல்காரர்களுக்கு இரண்டு வரி. வாட்டையும் சேர்த்துப் பார்க்கும் கணக்கு உங்களுக்கும் பொருந்தும், எல்லை மட்டும் பெரும்பாலும் 100 டிகிரி. பெயரில் எண்ணுக்குப் பின் 'கே' (K) உள்ள ப்ராசஸர் வைத்திருந்தால் மதர்போர்டு பவர் லிமிட்டை அவிழ்த்துவிட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்; பயாஸில் 4096 வாட் என்று இருந்தால் எல்லையே இல்லை என்று பொருள். 13, 14-ஆம் தலைமுறை என்றால் 2024 ஆகஸ்ட்டுக்குப் பிந்தைய பயாஸ் கட்டாயம் வேண்டும். வோல்டேஜ் கூடிப்போய் ப்ராசஸர் தேய்ந்துபோகும் சிக்கலுக்கு இன்டெல் அப்போதுதான் மைக்ரோகோட் (ப்ராசஸருக்குள்ளேயே ஓடும் நிரல்) திருத்தம் கொடுத்தது. ப்ராசஸரோடு வரும் வட்டக் கூலர் என்றால் நான்கு கால்களில் ஒன்று போர்டுக்குப் பின்னால் முழுதாக வெளியே வராமல் நிற்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

திண்டுக்கல்காரரே, கூலரை மாட்டியதும் முன்பு ஓட்டிய அதே சினிபெஞ்சைப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். அறைச் சூடு, வாட், கிகாஹெர்ட்ஸ் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 100 வாட்டைத் தாண்டி, 5-க்கு மேல் கிகாஹெர்ட்ஸ் நின்றால் 95 காட்டினாலும் கேபினெட்டை மூடிவிட்டு வேலையைப் பாருங்கள். சரியான ஸ்டாண்ட்-ஆஃப், சரியான அழுத்தம், புதுப் பேஸ்ட் எல்லாம் இருந்தும் 80 வாட்டுக்குக் கீழேயே நின்றால் கூலரிலேயே குறை: ஹீட் பைப் செத்திருக்கலாம், அடித்தளம் வளைந்திருக்கலாம். ஓர் இரும்பு ஸ்கேலை அடியில் நிறுத்தி வெளிச்சத்தில் பார்த்தால் வளைவு தெரியும். அதற்கு வாரண்டி இருக்கும், பில்லையும் பேஸ்ட் கோலத்தின் படத்தையும் எடுத்துக்கொண்டு வாங்கிய கடைக்கே போங்கள். புதுக் கூலர் வந்ததும் மறக்காமல் அதன் அடியிலிருக்கும் தாளை உரித்துவிடுங்கள்.